எம்எம் 540 ஜீப்புக்கு ஏசி: மேட்டுப்பாளையம் வெயிலுக்கும் கோத்தகிரி மூடுபனிக்கும் சேர்த்து என்ன செய்யலாம்?

#1 கோத்தகிரி540

வணக்கம்ங்க. அப்பா வாங்கிய 1993 மாடல் மஹிந்திரா எம்எம் 540 என்னிடம் இருக்கிறது. பியூஜோவின் எக்ஸ்டிபி 4.90 டீசல் என்ஜின், 2112 சிசி, 62 குதிரைத்திறன். கேன்வாஸ் டாப்பைக் கழற்றி ஃபைபர் டாப் போட்டுப் பத்து வருடம் ஆகிறது. ஒரு காலத்தில் தேயிலை மூட்டை ஏற்றிய வண்டி, இப்போது வாரம் இரண்டு முறை அம்மாவை டயாலிசிஸுக்குக் கோவைக்குக் கூட்டிப் போகிறது. அரவேணு தாண்டும்போது ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார், மேட்டுப்பாளையம் இறங்கினால் முந்தானையால் விசிறிக்கொள்வார். சிகிச்சை முடிந்து சோர்ந்து திரும்புகிற மதியத்தில், ஏப்ரல் மே வெயிலில், அந்த இரும்புப் பெட்டிக்குள் அவரை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வேறு கார் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டுக்கு வரும் கடைசி இரண்டு கிலோமீட்டர் எஸ்டேட் மண் ரோடு. மழைக்காலத்தில் ஃபோர் வீல் போடாமல் ஏற முடியாது.

கோவையில் ஒரு கடையில் விசாரித்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் யூனிட், கேஸை அழுத்தும் கம்ப்ரஸர், அதன் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் எல்லாம் சேர்த்து ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்றார்கள். இந்த என்ஜின் தாங்குமா? எந்தக் கம்ப்ரஸர் போடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அப்புறம், மழையில் முன் கண்ணாடி உள்பக்கம் மங்குகிறது, துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறேன். ஏசி போட்டால் அதுவும் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

#2 பழையபானெட்

தம்பி, கடைசி இரண்டு வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதல் வேலை. ஏசி இல்லாவிட்டால் அம்மா வியர்ப்பார். குஞ்சப்பனை பக்கம் இரவில், எதிரே லாரி வரும்போது கண்ணாடி வெள்ளையாகிவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கார் ஏசி வேலை பார்த்தவன் சொல்கிறேன், மலையில் இருக்கிறவனுக்கு ஏசியும் டீஃப்ராஸ்ட்டும் (கண்ணாடி மங்கலைப் போக்குவது) ஒரே வேலை. பிரித்துச் செய்தால் இரண்டு முறை பணம் செலவாகும்.

கண்ணாடி ஏன் மங்குகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் தண்ணீரைக் காற்றில் விடுகிறான். நாலு பேர் என்றால் ஒரு டம்ளர் தண்ணீர். நனைந்த குடை, கால்மிதி, ஸ்வெட்டர் எல்லாம் அதோடு சேரும். வெளியே மழை அடித்துக் கண்ணாடி குளிர்ந்து கிடக்கிறது, உள்ளே இருக்கிற ஈரம் எல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு இரண்டு மருந்து: காற்றை உலர்த்துவது, கண்ணாடியைச் சூடாக்குவது. ஏசி உலர்த்தும். கூலிங் காயிலில் பட்ட காற்றின் ஈரம் தண்ணீராகி டியூப் வழியே வெளியே போய்விடும். ஆனால் அந்தக் குளிர்ந்த காற்றை அப்படியே கண்ணாடியில் அடித்தால் கண்ணாடி இன்னும் சில்லென்று ஆகி வெளிப்பக்கம் மங்கத் தொடங்கும். சென்னையில் ராத்திரி ஏசி போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும், வைப்பர் போட்டால் போகும், மறுபடி வரும். அதனால் காற்று முதலில் கூலிங் காயிலில் உலர வேண்டும், அடுத்து ஹீட்டர் காயிலில் சூடாக வேண்டும், அப்புறம் கண்ணாடிக்குப் போக வேண்டும். கம்பெனி கார்களில் டீஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கினால் நடப்பது இதுதான்.

கடைக்காரர் சொன்ன யூனிட்டில் ஹீட்டர் காயில் இருக்கிறதா, கண்ணாடிக்குப் போகும் வாய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள். அதற்கு முன் இன்னொரு கேள்வி: உங்கள் என்ஜினில் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கிறதா?

#3 கோத்தகிரி540

கேட்டேன் அண்ணா. யூனிட்டில் கூலிங் காயில் மட்டும்தானாம். தெர்மோஸ்டாட்டை அப்பா காலத்திலேயே ஒரு மெக்கானிக் கழற்றிவிட்டாராம், சூடாகாமல் இருக்கும் என்று சொல்லி.

#4 வால்பாறை_வளைவு

இது நம் ஊர் ஜீப்புகளுக்கு வந்த பெரிய வியாதி. சமவெளி மெக்கானிக் வெயிலை நினைத்துக் கழற்றுகிறார், மலைக்காரன் அதோடு இருபது வருடம் ஓட்டுகிறான். தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் என்ஜின், இறக்கத்தில் கியரில் வரும்போது ஐம்பது டிகிரிக்கும் கீழே போய்விடும். அந்தத் தண்ணீரை ஹீட்டருக்குக் கொண்டுபோனால் வெதுவெதுப்புக்கூட வராது. என்ஜினுக்கும் கேடு, டீசலும் அதிகம் குடிக்கும்.

என் மேஜர் ஜீப்பில் முதலில் ஹீட்டர் மட்டும் போட்டேன். அட்டகட்டிக்கு மேலே ஒரு ஜூலை மாத மழையில் ஹீட்டரைத் திருப்பினேன், கண்ணாடி தெளியும் என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முன்னைவிட மோசம். என்ன காரணம் என்றால், வண்டிக்குள் இருந்த ஈரக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டிருக்கிறேன். சூடான காற்று ஈர ஜமுக்காளத்திலிருந்தும் துணியிலிருந்தும் தண்ணீரை இன்னும் உறிஞ்சிக் கண்ணாடிக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. அப்புறம் தகரத்தில் ஒரு பெட்டி செய்து, வெளிக்காற்று வர வழி வைத்தேன். அன்றைக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஹீட்டர் மட்டும் போடுகிறவர்கள் வெளிக்காற்று இல்லாமல் போடாதீர்கள். ஏசி ஓடும்போது உள்காற்றைச் சுற்றவிடலாம், அது ஈரத்தை எடுத்துவிடும். ஏசியை நிறுத்தினால் உடனே வெளிக்காற்றைத் திறக்க வேண்டும்.

#5 வில்லிஸ்_பிரியன்

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. ஜீப் என்றால் காற்றும் தூசியும் வெயிலும் சேர்ந்ததுதான். டேஷ்போர்டை வெட்டி, ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் தகரம்) ஓட்டை போட்டு, முன் கிரில்லுக்குப் பின்னால் கண்டென்சரை நிறுத்தினால் வண்டியின் முகமே போய்விடும். வெட்டிய தகரத்தை ஒட்டவைக்க முடியாது. நாங்கள் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்த்துவிட்டு எத்தனையோ மலை ஏறியிருக்கிறோம்.

#6 கோத்தகிரி540

அண்ணா, நீங்கள் சொல்வது எனக்கும் உறைக்கிறது. அந்த டேஷ்போர்டில் அப்பா ஒட்டிய முருகர் படம் இன்னும் இருக்கிறது, அதைப் பெயர்க்கவே எனக்குக் கை வராது. ஆனால் வண்டி ஷெட்டில் நின்று அழகாக இருப்பதைவிட அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் அப்பா விரும்பியிருப்பார் என்று நம்புகிறேன். டேஷ்போர்டை வெட்டாமல், ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகளையே பயன்படுத்திச் செய்ய வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். புகையிலை வெளிப்பக்க மழைத்தண்ணீருக்குத்தான் உதவும், உள்பக்க ஆவிக்கு உதவவில்லை. நானும் தேய்த்துப் பார்த்தவன்.

#7 ரிலே_பெட்டி

கம்ப்ரஸர் பேச்சுக்குப் போகும் முன் கரண்ட் கணக்கைப் போடுங்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியனாக நான் பார்க்கிற பழைய வண்டி ஏசி பிரச்சினைகளில் பெரும்பாலானவை குளிர் சம்பந்தப்பட்டவை அல்ல, வயர் சம்பந்தப்பட்டவை.

ஹெட்லைட் இரண்டும் சேர்த்து 8, 9 ஆம்பியர். வைப்பர் 4. கம்ப்ரஸர் கிளட்ச் 4. ப்ளோயர் முழு வேகத்தில் 10க்கு மேல். கண்டென்சர் முன்னால் இருக்கும் ஃபேன் இன்னொரு 10. ஸ்டார்ட் ஆன உடனே பேட்டரி கேட்பது தனி. மழை இரவில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், ஆகமொத்தம் 40 ஆம்பியருக்குக் குறையாது. பழைய ஜீப்பில் இருக்கிற டைனமோ (ஆல்டர்னேட்டர்) பெரும்பாலும் 35, 45 ஆம்பியர் ரகம், அதுவும் முழுதாகக் கொடுப்பது வண்டி ஓடும்போதுதான். ஐட்லிங்கில் பாதிதான் வரும். மேட்டுப்பாளையம் ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்றால் பேட்டரி இறங்கத் தொடங்கும், ஹெட்லைட் மஞ்சளாகும், ப்ளோயர் மெதுவாகும், கண்ணாடி மறுபடி மங்கும்.

70 ஆம்பியர் பக்கம் டைனமோ மாற்றுங்கள். மாற்றிவிட்டுப் பழைய மெல்லிய சார்ஜிங் வயரையே விட்டுவைக்காதீர்கள், டைனமோவிலிருந்து பேட்டரிக்கு 16 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் இழுங்கள். என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் எர்த் பட்டை புதிதாகப் போடுங்கள். ஃபேனுக்கு ஒரு ரிலே, ப்ளோயருக்கு ஒரு ரிலே, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ், பேட்டரி பக்கத்திலேயே. இக்னிஷன் சுவிட்ச் வழியாக ப்ளோயர் கரண்டை இழுத்த ஒரு ஜீப்பில் சாவி வைக்கும் இடமே உருகிக் கிடந்ததைக் கையால் பிடுங்கி எடுத்திருக்கிறேன். கருகின பிளாஸ்டிக் சாவியோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

#8 குன்னூர்க்காரன்

இவ்வளவு எதற்கு? சிகரெட் லைட்டரில் சொருகுகிற 12 வோல்ட் சின்ன ஹீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறதே, டீஃப்ராஸ்ட்டர் என்றே எழுதி விற்கிறார்கள். அது போதாதா?

#9 ரிலே_பெட்டி

போதாது. அதில் 150 வாட் என்று எழுதியிருக்கும். அதாவது ஒரு பழைய குண்டு பல்பு இரண்டின் சூடு. என்ஜின் தண்ணீரில் ஓடும் ஹீட்டர் காயில் 3000, 4000 வாட் கொடுக்கும், அந்தச் சூடு எப்படியும் ரேடியேட்டரில் வீணாகப் போகிற சூடு. அந்தச் சொருகி 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், லைட்டர் சாக்கெட் வயர் சூடாகிவிடும். உள்ளங்கை அளவுக்குக் கண்ணாடி தெளியும், அவ்வளவுதான்.

#10 நுவரெலியா_ரோவர்

இங்கே இலங்கை மலையகத்தில் எங்களிடம் லேண்ட் ரோவர் சீரிஸ் 3 இருக்கிறது. தோட்டத்து வாகனம். அந்த நாளிலேயே ஹீட்டரும் கண்ணாடிக்கு அடிக்கிற டீமிஸ்டர் வாய்களும் டேஷ்போர்டோடு சேர்ந்தே வந்தவை. மட்கார்ட் பக்கமிருந்து வெளிக்காற்றை எடுத்து ஹீட்டருக்குள் விடும் அமைப்பு. வால்பாறை நண்பர் சொன்ன வெளிக்காற்று விஷயத்தை அந்த வடிவமைப்பிலேயே காணலாம்.

எங்கள் அனுபவத்தில் கவனிக்க வேண்டியது வாயின் வடிவம். உருண்டைக் குழாயை அப்படியே கண்ணாடிக்குக் கீழே நிறுத்தினால் ஒரு தட்டு அளவு வட்டம் மட்டும் தெளியும். மீன் வாய் மாதிரி அகலமாகவும் ஒல்லியாகவும் இருக்க வேண்டும், கண்ணாடியின் அடியை ஒட்டி மேல்நோக்கி வழவழவென்று காற்று ஏற வேண்டும். எங்களுடையது பழுதானபோது அட்டையில் வெட்டிப் பார்த்து, சரியான பிறகுதான் தகரத்தில் செய்வித்தோம். உங்கள் ஜீப்பின் கண்ணாடிச் சட்டம் மடிகிற வகை என்பதால் குழாயைச் சட்டத்தில் இறுக்கிவிடாதீர்கள், டேஷ்போர்டோடு நிற்கட்டும்.

#11 பழையபானெட்

நல்ல யோசனை. ஓட்டுகிறவர் பக்கத்து வாய்க்கு அதிகக் காற்று போகட்டும்.

இனி ஏசிக்கு வருகிறேன். கேட்டது தம்பி, ஆனால் ஜீப் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஆகும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கம்ப்ரஸர்: 508 ரகம் போதும். 5 சிலிண்டர், சுமார் 8.4 கன அங்குலம், அதாவது 138 சிசி. அடி வாங்கும், ஸ்பேர் கிடைக்கும். வெயிலில் முழுச் சுமையில் மூன்று நான்கு குதிரைத்திறன் எடுத்துக்கொள்ளும். 62ல் நான்கு போனால் ஏற்றத்தில் தெரியத்தான் செய்யும், ஆனால் வண்டி நிற்காது.

பிராக்கெட்: பழைய டீசல் என்ஜின் உதறுகிற உதறலுக்குச் சன்னத் தகடு நிற்காது. 10 எம்எம் தகட்டில், மூலைக்கு மூலை முட்டு வைத்து, என்ஜின் பிளாக்கில் குறைந்தது நாலு போல்ட்டில் உட்கார வேண்டும். இரண்டு போல்ட்டில் தொங்கவிட்ட பிராக்கெட்டுகள் விரிந்து வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன், விரியும்போது பெல்ட்டையும் ரேடியேட்டர் ஹோஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கிராங்க் புல்லியில் இன்னொரு பள்ளம் வேண்டும் என்றால் பழைய புல்லியில் வெல்டிங் அடிக்காதீர்கள், நல்ல லேத் பட்டறையில் ஒரே கட்டையிலிருந்து கடைந்து வாங்குங்கள். புல்லிகள் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று நீட்டு ஸ்கேலை வைத்துப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் கத்தும்.

கண்டென்சர்: பேரலல் ஃப்ளோ ரகம், கிரில் அகலத்துக்கு எவ்வளவு பெரியது நுழையுமோ அவ்வளவு. முன்னால் நிற்கும் ஃபேன் காற்றைத் தள்ளும் வகையாக இருக்க வேண்டும். இழுக்கும் ஃபேனைத் திருப்பி மாட்டி, வயரை மாற்றிக் கொடுத்துச் சமாளிப்பார்கள், அப்போது இறக்கைகள் பாதி வேலைதான் செய்யும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சுவர் எழுப்புகிறோம் என்பதை மறக்காதீர்கள். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் ஒரு வரிசை கூட்டி, ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றி நிற்கும் கூடு) இல்லையென்றால் செய்து மாட்டுங்கள். மூடியையும் மாற்றுங்கள். கோத்தகிரி உயரம் சுமார் 1800 மீட்டர், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்தம் பிடிக்காத பழைய மூடியை வைத்துக்கொண்டு முழு லோடில் ஏறினால் தண்ணீர் வெளியே வந்துவிடும், பழி ஏசி மேல் விழும்.

தெர்மோஸ்டாட் 82 டிகிரி, கட்டாயம். ஹீட்டருக்குப் போகும் தண்ணீர் லைனில் ஒரு வால்வு வையுங்கள். அது இல்லாவிட்டால் கோடையில் கூலிங் காயில் குளிர்விப்பதைப் பக்கத்திலேயே ஹீட்டர் காயில் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

கேஸ்: ஆர் 134ஏ மட்டும். சமையல் கேஸ் மாதிரி எரிகிற வகையைக் கலந்து மலிவாக அடிக்கிற இடங்கள் உண்டு, பக்கத்தில் போகாதீர்கள், கூலிங் காயில் உங்கள் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. முதலில் நைட்ரஜன் ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் வேக்கம் குறைந்தது முக்கால் மணி நேரம், நிறுத்திவிட்டு அரை மணி நேரம் முள் அசைகிறதா என்று காத்திருக்க வேண்டும். டிரையரின் (கேஸில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் டப்பா) மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் திறக்க வேண்டும், மலைக் காற்றில் அது ஈரத்தைக் குடித்துவிடும். 35 டிகிரி வெயிலில் லோ பக்கம் (கம்ப்ரஸருக்குள் கேஸ் வரும் பக்கம்) அழுத்தம் 30 பிஎஸ்ஐ சுமாராகவும் ஹை பக்கம் (கேஸ் வெளியேறும் பக்கம்) 200லிருந்து 240க்குள்ளும் நின்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். குளிர் போதவில்லை என்று மேலும் மேலும் அடிப்பதால்தான் பாதிக் கம்ப்ரஸர்கள் சாகின்றன.

இதெல்லாம் ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. ஒரு நாள் என்று சொன்னவர் எதையோ விட்டுவிடப் போகிறார்.

#12 வால்பாறை_வளைவு

அடைப்பு வேலையை விட்டுவிட்டீர்கள் அண்ணா. ஜீப்பில் கதவு ரப்பர், பெடல் ஓட்டைகள், கியர் லீவர் பூட், ஃபைபர் டாப் உட்காரும் விளிம்பு, எல்லாமே சல்லடைதான். இரவில் உள்ளே டார்ச் அடித்து, வெளியே நின்று வெளிச்சம் எங்கே கசிகிறது என்று ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபயர்வாலிலும் தரையிலும் அலுமினிய மேல்பூச்சு உள்ள நைட்ரைல் ஃபோம் ஒட்டினால் என்ஜின் சூடு காலுக்கு வராது. டாப்பின் உள்பக்கமும் ஒட்டுங்கள். நான் இதை ஏசிக்கு முன்பே செய்தேன், அதிலேயே மதிய வெயிலில் வித்தியாசம் தெரிந்தது.

#13 தேனி_டர்போ

ஏற்றத்தில் சக்தி போகிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கு: ஆக்ஸிலரேட்டர் பெடலில் ஒரு மைக்ரோ சுவிட்ச் வையுங்கள். முழுதாக மிதித்தால் கம்ப்ரஸர் கட் ஆகும். ஓவர்டேக்குக்கும் உதவும்.

#14 பழையபானெட்

சமவெளியில் சரி. மலையில் மழை நேரத்தில் இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்ப்ரஸர் நின்றதும் கூலிங் காயிலில் தங்கியிருக்கிற தண்ணீர் மறுபடி காற்றில் கலக்கும், ப்ளோயர் அதை நேராகக் கண்ணாடிக்குக் கொண்டுபோகும். சில விநாடிகளில் பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். அதுவும் எப்போது? கொண்டை ஊசி வளைவில் பெடலை முழுதாக மிதித்து ஏறிக்கொண்டிருக்கும்போது. சுவிட்ச் வைத்தாலும், கண்ணாடிப் பக்கம் காற்றைத் திருப்பியிருந்தால் அது வேலை செய்யக் கூடாது என்று வயரிங் பண்ணுங்கள்.

இன்னொன்று, குளிரான இடத்தில் ஹை பக்க அழுத்தமே குறைவு. 15 டிகிரியில் கம்ப்ரஸர் இழுக்கும் சக்தி வெயிலில் இழுப்பதைவிட வெகுவாகக் குறைந்துவிடும். மேலே ஏற ஏறச் சுமை தானாகக் குறைகிறது. கியரை ஒன்று இறக்கிக்கொள்ளுங்கள், போதும்.

#15 தேனி_டர்போ

ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. கண்ணாடி விஷயத்தை நான் யோசிக்கவில்லை. வெளியே பனி உறையும் அளவுக்குக் குளிர் என்றால், ஊட்டி டிசம்பர் காலை மாதிரி, அப்போது ஏசி ஓடுமா?

#16 பழையபானெட்

பெரும்பாலும் ஓடாது. கூலிங் காயில் உறையாமல் இருக்க வைத்திருக்கிற தெர்மோஸ்டாட்டோ லோ பிரஷர் சுவிட்சோ கம்ப்ரஸரைப் போட விடாது, அது நல்லதுதான். அந்த நேரத்தில் வெளிக்காற்றிலேயே ஈரம் மிகக் குறைவு. வெளிக்காற்றைத் திறந்து ஹீட்டரை மட்டும் வைத்தால் கண்ணாடி தெளிந்துவிடும். என்ஜின் சூடாகும் வரை பொறுக்க வேண்டும். வெளியே படிந்த உறைபனி மேல் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.

#17 கோத்தகிரி540

இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்ற கடையை விட்டுவிட்டு, கூலிங் காயிலும் ஹீட்டரும் சேர்ந்த யூனிட் ஒன்று வாங்கினேன். வாங்கும் முன் திறந்து பார்த்தேன், காற்று முதலில் கூலிங் காயில், அடுத்து ஹீட்டர் என்றுதான் போகிறது. கையுறைப் பெட்டி இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது, டேஷ்போர்டில் எதையும் வெட்டவில்லை. முருகர் படம் இருந்த இடத்தில் இருக்கிறது.

தெர்மோஸ்டாட்டை முதல் வாரமே போட்டேன். அதிலேயே என்ஜின் சத்தம் மாறிவிட்டது, காலைப் புகையும் குறைந்தது. ரேடியேட்டர் சுத்தம் செய்தபோது உள்ளே வந்த செம்மண் கலர் சேற்றை ஒரு வாளியில் பிடித்து வைத்துப் பார்த்தேன், இத்தனை நாள் இதை வைத்தா ஏறினோம் என்று இருந்தது.

இரண்டு தவறு நடந்தது, மற்றவர்களுக்கு ஆகட்டும் என்று எழுதுகிறேன். முதல் பிராக்கெட் 8 எம்எம் தகட்டில் முட்டு இல்லாமல் செய்துவிட்டார்கள். 300 கிலோமீட்டரில் வெல்டிங் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. துடைத்துப் பார்த்தால் மறுபடி எண்ணெய் கசிந்து அதே கோடு. அடுத்ததைப் பழையபானெட் அண்ணா சொன்ன மாதிரியே செய்தோம். இரண்டாவது, தண்ணீர் போகும் டியூப். சமதளத்தில் சரியாக வடிந்தது. எஸ்டேட் ரோட்டில் மூக்கைத் தூக்கி ஏறும்போது தண்ணீர் யூனிட்டின் பின்பக்கம் ஓடிச் சொட்டுச் சொட்டாக அம்மாவின் காலில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, இறங்கும்போது சேலைக் கரை நனைந்திருப்பதை நான்தான் பார்த்தேன். இப்போது முன் மூலைக்கு ஒன்று, பின் மூலைக்கு ஒன்று என இரண்டு டியூப் வைத்தாயிற்று.

போன வாரம் மதியம் 2 மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெளியே 37 டிகிரி. காற்று வரும் வாயில் தெர்மாமீட்டர் வைத்தால் ஓடும்போது 9, நிற்கும்போது 13. அம்மா சிகிச்சை முடிந்து ஏறியவர் காரமடை வருவதற்குள் தூங்கிவிட்டார். இந்த வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

#18 ரிலே_பெட்டி

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஐட்லிங்கில் வோல்ட் எவ்வளவு காட்டுகிறது?

#19 கோத்தகிரி540

எல்லாம் போட்டுவிட்டு 13.4. ஏசி போட்டால் ஐட்லிங் இறங்கி வண்டி உதறியது, வேக்கம் டயஃப்ரம் ஒன்று வைத்துப் டீசல் பம்ப் லீவரைக் கொஞ்சம் இழுக்கும்படி செய்த பிறகு 850 ஆர்பிஎம்மில் நிற்கிறது. சார்ஜிங் வயர் நீங்கள் சொன்ன 16 ஸ்கொயர் எம்எம் தான்.

#20 வால்பாறை_வளைவு

ஓடை கடக்கும் பழக்கம் இருந்தால் இறங்கும் முன் ஏசியை நிறுத்திவிடுங்கள். ஓடுகிற ஃபேன் தண்ணீரில் முங்கினால் இறக்கை வளைந்து கண்டென்சரைக் கிழித்துவிடும். முன்னால் ஃபேனுக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. 500 கிலோமீட்டரில் பிராக்கெட் போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். ஹோஸ் தகரத்தில் உரசுகிற இடங்களுக்கு ரப்பர் சுற்றிவிடுங்கள்.

#21 கோத்தகிரி540

செய்கிறேன் அண்ணா. நேற்று இரவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் தாமதமாகி ஏழு மணிக்குத்தான் கிளம்பினோம். குஞ்சப்பனை தாண்டியதும் மழை, அதற்கு மேலே மூடுபனி. வெளியே 16 டிகிரி. வண்டியில் நாங்கள் நாலு பேர், நனைந்த இரண்டு குடை. வழக்கமாகத் துணியை மடியில் வைத்துக்கொள்வேன். ஏசியைப் போட்டு, ஹீட்டர் வால்வைத் திறந்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினேன். அடியிலிருந்து கண்ணாடி தெளிந்துகொண்டே மேலே ஏறியது, இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஓட்டுகிற பக்கம் முழுதும் தெளிவு, அம்மா பக்கம் மேல் மூலையில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு மங்கல் நின்றது. எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு வெடித்துச் சிதறாமல் விளக்காகவே தெரிந்தது. வீடு வரும் வரை துணியைத் தொடவில்லை.

அந்த மூலையை என்ன செய்வது?

#22 நுவரெலியா_ரோவர்

அந்தப் பக்க வாய் நீளம் போதவில்லை போலிருக்கிறது, அல்லது குழாய் எங்கேயோ மடிந்து நசுங்கியிருக்கிறது. முதலில் குழாயைப் பாருங்கள். சரியாக இருந்தால் வாயை இன்னும் 10 சென்டிமீட்டர் வெளிப்பக்கமாக நீட்டி அட்டையில் செய்து பாருங்கள். கண்ணாடிக்கும் வாய்க்கும் நடுவே மூன்று விரல் இடைவெளிக்கு மேல் இருக்க வேண்டாம்.

#23 வில்லிஸ்_பிரியன்

டேஷ்போர்டை வெட்டாமல் முடித்திருக்கிறீர்கள், மனசு நிறைந்தது. என் 540க்கும் ஹீட்டரும் அந்த மீன் வாயும் மட்டுமாவது போடலாம் என்று இருக்கிறேன். அட்டை வெட்டின அளவு இருந்தால் போடுங்கள் தம்பி.

#24 கோத்தகிரி540

குழாய்தான் நசுங்கியிருந்தது, பேட்டரி பக்கம் போகும் வயர் கட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தது. நகர்த்திவிட்டேன், மழை வந்தால்தான் தெரியும். அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன் அண்ணா. ஓட்டுகிற பக்கம் 42 சென்டிமீட்டர் நீளம், வாய் 12 மில்லிமீட்டர். அடுத்த பக்கம் 36. குழாய் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன்.